கரியிடம் வயது கேட்டவர்



கீழடி 2600 வருஷம் பழசுன்னு நாம பெருமையா சொல்றோம். அந்தக் குழிக்குள்ள யாரும் தேதி எழுதி வைக்கலையே, பின்ன எப்படித் தெரிஞ்சது? 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியை அமெரிக்காவில் உள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அது கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் அறிக்கை வெளியானது. இப்படி வயது பார்க்கும் முறையை உலகுக்குத் தந்தவர் வில்லார்டு லிபி.

இவர் 1908 டிசம்பர் 17-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெர்க்லியில் வேதியியல் படித்து 1933-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போரில் அணுகுண்டுக்காக யுரேனியம் பிரிக்கும் வேலை. போர் முடிந்ததும் 1945-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

அவர் மனசுக்குள்ள ஒரு யோசனை இருந்தது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று முதலில் மூடி மூடி வைத்திருந்தாராம்! விஷயம் இதுதான். விண்ணிலிருந்து வரும் கதிர்களால் காற்றில் கார்பன்-14 உண்டாகிறது. செடி அதை எடுத்துக்கொள்கிறது, செடியைத் தின்னும் ஆடு மாடும் நாமும் எடுத்துக்கொள்கிறோம். உயிர் போனதும் வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது மட்டும் குறைந்துகொண்டே போகும். பாதியாகக் குறைய சுமார் 5700 ஆண்டுகள். மிச்சம் எவ்வளவு என்று எண்ணினால் வயது தெரியும்.

ஆனா எண்ணுறது லேசா? உயிருள்ள பொருளின் ஒரு கிராம் கார்பனில் நிமிஷத்துக்கு 15 சிதைவு மாதிரிதான் நடக்கும். வெளியிலிருந்து வரும் கதிர்களோ அதைவிடப் பல மடங்கு. அதனால் கருவியைச் சுற்றி 8 அங்குல கனத்துக்கு இரும்பை அடுக்கினார்கள். உயிருள்ள பொருளில் கார்பன்-14 இருக்கிறதா என்று பார்க்க முதலில் எதை எடுத்தார்கள் தெரியுமா? பால்டிமோர் நகரத்துச் சாக்கடைக் கழிவிலிருந்து வந்த மீத்தேன் வாயு! மூக்கைப் பிடிக்காதீங்க, 1947-இல் அதுதான் ஆதாரமாச்சு.

அடுத்து, வயது ஏற்கனவே தெரிந்த பொருள் வேண்டும். ஜேம்ஸ் அர்னால்டு, எர்னஸ்ட் ஆண்டர்சன் என்ற இருவர் லிபியுடன் வேலை செய்தார்கள். எகிப்து மன்னன் ஜோசரின் கல்லறை மரத்தில் ஒரு துண்டு நியூயார்க் அருங்காட்சியகத்திலிருந்து வந்தது. நாலாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல் கெடாமல் இருந்த மரம். இந்த இடம்தான் எனக்குக் கஷ்டமா இருந்தது. வயது தெரியணும்னா அதை எரிச்சாகணும்! எரித்துக் கிடைத்த கரியைப் பொடியாக்கி உருளையின் உள்ளே பூசி எண்ண வேண்டும். ஒரு சோதனைக்குப் பல கிராம் கார்பன் போய்விடும், திரும்ப வராது. பத்திரமாகப் பாதுகாக்க வேண்டிய பொருளை அடுப்பில் வைக்க எந்த அருங்காட்சியகத்துக்கு மனசு வரும்? ஆனாலும் கொடுத்தார்கள். 1949-இல் தெரிந்த வயதும் கணக்கிட்ட வயதும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. பழைய எகிப்துப் பொருட்கள் சில நூறு வருஷம் இளமையாகத் தெரிந்தன. காற்றில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவு என்று லிபி நினைத்திருந்தார், அது அப்படி இல்லை. பிறகு வந்தவர்கள் மர வளையங்களை எண்ணி அதைத் திருத்தினார்கள்.

1960-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதே லிபி அணுகுண்டுச் சோதனைகளை ஆதரித்தவர் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தச் சோதனைகளே காற்றில் கார்பன்-14-ஐ ஏறக்குறைய இரண்டு மடங்காக்கின! 1961-இல் தன் வீட்டில் 30 டாலர் செலவில் ஒரு பாதுகாப்புக் குழி அமைத்தார். குண்டு ஏதும் விழவில்லை, அந்த வருஷமே வந்த காட்டுத்தீயில் அது எரிந்துபோனது. லிபி 1980 செப்டம்பர் 8-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

இப்போது அவ்வளவு எரிக்க வேண்டியதில்லை. சில மில்லிகிராம் போதும். பழனி பக்கம் பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகத்தினர் தோண்டியபோது ஒரு ஜாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதில் கொஞ்சம் நெல்மணிகள்தான் ஆய்வுக்குப் போயின. கி.மு. 490 என்று வந்தது.