தமக்கென ஒரு மலையுடைய செடிகள்
(மருத்துவர் இராபர்ட் வைட் வரலாறு)

பிறந்த மண்ணை விட்டகலாமை மக்கட்கு மட்டும் உரிய பண்பன்று, மரஞ்செடிகட்கும் உண்டு. நெல்லும் வாழையும் பல நாடுகளிற் பரவித் தழைக்கின்றன. வேறு சிலவோ ஒரே நாட்டில், அந்நாட்டினும் ஒரே மலைத்தொடரில் மட்டும் வாழ்வன. பழனிமலையின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆடலூரிற் காப்பித் தோட்டங்களினூடே நடந்தபொழுது, பெயரறியாச் செடிகள் பலவற்றை யாமும் மிதித்தே சென்றோம். அவற்றிற்குப் பெயரிட்டோர் யாவரென வினவப் புகுந்தபோதுதான் வைட் என்னும் பெரியாரின் வரலாறு எமக்குக் கிட்டியது.

அவர் 1796-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்திற் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் கற்று, 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இந்நாடு போந்தார். 1826-இல் சென்னையில் இயற்கைநூற் புலவராக அமர்த்தப்பெற்றார். ஆயின் 1828-இல் அரசினர் அப்பதவியையே நீக்கிவிட்டனர். பதவி போயிற்று, ஆர்வம் போகவில்லை. நாகப்பட்டினத்திற் படைமருத்துவராக இருந்துகொண்டே செடிகளைத் தொகுத்தார். விடுமுறையில் தாயகஞ் சென்ற காலத்தும் ஓய்ந்திலர். நண்பர் ஆர்னாட்டுடன் கூடித் தென்னிந்தியச் செடிகளைப் பற்றிய நூலொன்றை 1834-இல் வெளியிட்டார்.

1836-ஆம் ஆண்டு அவர் பழனிமலை ஏறினார். அமெரிக்க மிஷனரிமார் கோடைக்கானலிற் குடியேறத் தொடங்கியது 1845-இல் ஆதலின், அவர் கண்டது நகர் தோன்றாக் காலத்து மலையாகும். இம்மலையின் உயர்ந்த சோலைகளில் உள்ள செடிகள் பல நீலகிரியிலும் ஆனைமலையிலும் உண்டு. இடையிலுள்ள சமவெளியில் இல்லை. வெம்மையும் வறட்சியும் மிக்க சமவெளி கடலாக, குளிர்ந்த மலைமுடிகள் தீவுகளாக நிற்கின்றன. தீவில் அடைபட்ட உயிர் நெடுங்காலத்திற் றனிவகையாதல் இயல்பன்றோ? இங்ஙனமே ஒரு நாட்டிற்கே உரிய இனங்களும், பல இனங்களைத் தழுவும் பேரினங்களும் தோன்றுகின்றன. ஜெர்டோனியா என்னும் பேரினம் அத்தகையது. அதன்கண் உள்ளது ஒரே இனம். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. பறவைநூல் வல்ல ஜெர்டன் என்னும் மருத்துவரின் பெயரால் அதற்குப் பெயர் சூட்டியவர் வைட் அவர்களே.

1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட பெருநூல் 2101 படங்களை உடையது. அவருக்காகச் செடிகளை வரைந்தவருள் சிறந்தோர் இரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர். ஓவியர் பெயரை மறைத்துப் புகழெய்தும் வழக்கம் மிகுந்த அக்காலத்தில், வைட் ஓர் ஆர்க்கிடுப் பேரினத்திற்குக் கோவிந்துவின் பெயரையே இட்டார். பின்வந்த அறிஞர் அதனை வேறொரு பேரினத்துள் அடக்கினமையின் அப்பெயர் வழக்கொழிந்தது. அவர் நன்றியுணர்வு ஒழிந்திலது.

1842 முதற் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிராக்கும் பொறுப்பு அவர்பால் வந்தது. பல்லாண்டு உழைத்தும் அரசினர் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. செடிக்கும் மண்ணிற்கும் உள்ள உறவு ஆணையால் அமைவதன்று என்பதை இத்தோல்வியும் காட்டுகின்றது. 1853-இல் அவர் தாயகந் திரும்பினார். 1871-இல் தம் செடித் தொகுதியைக் கியூ தோட்டத்திற்கு அளித்தார். மறு ஆண்டு மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. மேத்யூ அடிகளார் பழனிமலைச் செடிகளை ஆராய்ந்து 1999-இல் நூல் வெளியிட்டார். ஆயினும் எஞ்சிய கடமை நம்முடையது. பரந்து வாழும் செடி ஓரிடத்தில் அழியினும் பிறிதோரிடத்திற் பிழைக்கும். ஒரு மலைக்கே உரிய செடி அம்மலையில் அழியின், உலகெங்கும் தேடினுங் கிடையாது. விடுமுறையில் மலையேறும் மாணவத் தோழர்காள்! காலடியில் உள்ளதைச் சற்றே குனிந்து நோக்குமின். யாம் ஆடலூரில் நோக்காது மிதித்தவற்றுள் அத்தகையது எதுவோ!