யாருடைய பிள்ளை என்று கேட்காத வீடு

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைக் காண வெளியூர் உறவினர்கள் வந்தால், நாமும் உடன் சென்று இராஜேந்திர சோழனின் பெருமையை வாயாரச் சொல்கிறோம். அவன் தந்தை இராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்களை வரவழைத்தான். ஒவ்வொருவருக்கும் வீடும் நெல்லும் கொடுத்து, பெயர் பெயராகக் கல்வெட்டிலும் பொறித்து வைத்தான். அன்று அவர்கள் மதிப்போடு வாழ்ந்த கலைஞர்கள். நூற்றாண்டுகள் கடந்தபோது கலை எஞ்சியது, மதிப்பு போயிற்று. விவரம் அறியாத சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டி, வசதி படைத்தவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடும் வழக்கமாக அது சீரழிந்தது. அந்தச் சிறுமிகளுக்காக வாழ்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், கோயில் கலைமரபோடு தொடர்புடைய இசை வேளாளர் குலத்தவர். அந்தப் பிறப்பைச் சொல்லியே ஊர் அவரை அளந்தது. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னரின் ஆதரவால் இடம் கிடைத்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவரானார். 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவும் ஆனார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே வாதாடினார். கோயில் பணி செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டிலிருந்து அப்பெண்களை விடுவிக்கும் சட்டம் 1929-இல் வந்தது. ஆனால் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் அவர் பதவியைத் துறந்தார். முழுமையான தடைச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது.

சட்டம் வருவதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த சில இளம்பெண்கள் அவர் வீட்டு வாசலில் நின்றனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி மாணவியர் விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். அவர்கள் எந்தக் குலத்தில் பிறந்தவர்கள் என்று தெரிந்ததும் கதவு சாத்தப்பட்டது. வேறு வழி? தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் அடையாறில் உருவான அவ்வை இல்லத்தின் தொடக்கம் இதுதான். பெற்றோரை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் பின்னர் அங்கே அடைக்கலம் பெற்றார்கள். பிறப்பைக் கேட்டு யாரையும் திருப்பி அனுப்பவில்லை. உணவோடு படிப்பும் தொழிலும் கற்றுத் தரப்பட்டன.

அரசும் அப்போது சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம் 1920-லேயே வந்துவிட்டது. ஆனால் குற்றம் செய்த பிள்ளையும் ஆதரவற்ற பிள்ளையும் ஒரே சட்டத்தின்கீழ் வந்தார்கள். திக்கற்றுப் போனதே ஒரு குற்றம் போல் ஆயிற்று! அரசு இல்லங்களின் அந்தப் பழைய வாடை நீங்க வெகுகாலம் பிடித்தது.

நம் பக்கம் திரும்புவோம். நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் காலம் முதல் அன்னை மரியாவை அடைக்கல அன்னை என்றே அழைக்கிறோம். அருட்சகோதரிகள் நடத்தும் இல்லங்களுக்குத் தவக்காலச் சேமிப்பைத் தாராளமாகத் தருகிறோம். பிறந்தநாளில் கேக்கோடு அங்கே போகிறோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாழ்த்துப் பாடச் சொல்கிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைக்குத் தன் பிறந்தநாள் என்றைக்கு என்று தெரியுமா என நாம் கேட்பதில்லை. அவர்களில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைதான் அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதையும் மறந்து, எல்லாரையும் அநாதைகள் என்கிறோம். சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது என்ன சாதி, யார் பெற்றது என்று கேட்பதும் நாம்தான். நாசரேத்தில் யோசேப்பு வளர்த்தது தாம் பெறாத பிள்ளையை.

முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் பணியைத் தொடங்கியது. நம் பகுதியிலிருந்தும் எத்தனை பேர் ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி அங்கே போயிருக்கிறார்கள்!

1956-இல் பத்ம பூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22-ஆம் நாள் காலமானார். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆனால் அந்த நாள் நமக்குப் புனித மகதலா மரியாவின் நாள். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்ட அந்தப் பெண்ணைப் பாவி என்று முத்திரை குத்தி, பல நூற்றாண்டுகள் மறையுரை ஆற்றிவந்தோம். 2016-இல்தான் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய நினைவு நாளை, திருத்தூதர்களுக்கு உள்ளதுபோல் விழாவாக உயர்த்தினார்.