எண்களைக் காத்த பொஸ்டல்

இணையத்தை ஆக்கியோர் பலர். அவருள் ஜொன் பொஸ்டலை யான் தனித்து எண்ணுவது, புதியதைப் புகுத்துங்காற் பழையதைக் கலங்கவிடாத அவர்தம் பொறுமை கருதியே.

1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் கலிபோர்னியாவிலே பிறந்த அவர், லொஸ் ஏஞ்சல்ஸ் சர்வகலாசாலையிற் பயின்று 1974இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆர்ப்பாநெற் என்னும் முதல் வலையமைப்பின் இளமைக் காலத்திலேயே அதற்கு வேண்டிய எண்களைப் பதிந்து காக்கும் பணி அவர்பாலதாயிற்று. நீண்ட தாடியும் திறந்த செருப்புமாய்த் திரிந்தவர். பதவியின் மிடுக்கை அறியாதவர்.

1981இல் அவர் பதிப்பித்த ஆவணத்தால் 32 இரும இலக்க முகவரி நிலைபெற்றது. ஏறத்தாழ 429 கோடி முகவரிகள் அதிலுண்டு. புதிய நெறிக்கு மாறுந் திட்டத்தையும் அவரே வரைந்தார். 1982இல் இரு நெறியும் அறிந்த கணினிகள் துவிபாஷிகள் போல இடைநின்று செய்தி கடத்தின. 1983 ஜனவரி 1ஆம் நாள் பழைய நெறி நிறுத்தப்பட்டது. அன்றிருந்தவை சில நூறு கணினிகளே. ஆதலின் நாட்குறித்து மாற்றுதல் இயன்றது.

வலை பெருகியபின் அது கைகூடுமா? ஒரு சர்வகலாசாலைக்குள்ளேயே பல சிறு வலைகள் தோன்றின. ஒவ்வொன்றுந் தனியெண் பெறின், வழிகாட்டும் பொறிகள் யாவற்றினும் பட்டியல் வீங்கும். 1985இல் மோகல் என்பாருடன் சேர்ந்து பொஸ்டல் வெளியிட்ட உட்பிரிவு முறை இதற்கு மருந்தாயிற்று. வெளியுலகுக்கு நிறுவனம் ஓரெண்ணே. உள்ளே அதனை எங்ஙனம் பிரிப்பதென்பது நிறுவனத்தின் விருப்பம். தொலைவிலுள்ள தபாற் கந்தோருக்கு ஊர்ப்பெயர் போதும். ஒழுங்கைகளை அவ்வூர்த் தபாற்காரர் அறிவார். வேண்டியவர் வேண்டியபோது மேற்கொள்ளலாம். பிறர் எதனையும் மாற்றவேண்டுவதில்லை. முகவரியின் வகுப்பெல்லைகளை நீக்கிப் பல எண்களை ஒருவழியாய்த் தொகுக்கும் 1993ஆம் ஆண்டு முறையும் இப்பண்பினதே. அது பிறர் ஆக்கம்.

1998 ஜனவரியிலே, பெயருக்குரிய எண்ணைத் தேடித்தரும் மூலக் கணினிகளைக் காப்போர் எண்மருக்கு எழுதி, தலைமைப் பட்டியலைத் தம்மிடத்துக் கணினியிலிருந்து பெறுமாறு கேட்டார். அவர்கள் இசைந்தனர். அமெரிக்க அரசு சினக்கவே, முன்னிருந்த ஒழுங்கு மீண்டது. அவர் நாணயத்தில் எனக்கு ஐயமில்லை. எனினும் உலகப் பொதுச்சொத்து தனியொருவர் சொல்லிலே தங்கியிருத்தல் தகாதென்பதே என் துணிபு.

அவ்வாண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், 55ஆம் வயதிலே, இருதய நோயால் மறைந்தார். டிசம்பரில் 128 இரும இலக்க முகவரிக்கான ஆவணம் வெளிவந்தது. பழைய முகவரிகளின் மத்திய களஞ்சியம் 2011 பெப்ரவரியில் வெறுமையாயிற்று. ஆயினும் உலகம் முழுவதிலும் பழையதை நிறுத்த எவரும் நாட்குறிக்கவில்லை. இரண்டும் இன்றளவும் அருகருகே ஓடுகின்றன.