பரிசும் கடனும்: சேர் பொன்னம்பலம் அருணாசலம் வரலாறு

ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நிறைவெய்தி, விருந்தினர் விடைபெற்றுச் சென்றபின், மண்டபத்து நாற்காலிகள் அடுக்கப்படும் வேளையில், நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவது வழக்கம். வெண்ணிற உடை தரித்து, பெயர் அழைக்கப்பட்டதும் மேடையேறி, நூலும் நற்சான்றும் பெற்று இறங்கும் மாணவர் சிலர். கீழே அமர்ந்து கைதட்டி மகிழும் மாணவரோ அவரிற் பன்மடங்கினர். மேடையேறிய ஒருவன் பெற்ற பரிசினால் கீழே இருந்த ஒன்பதின்மருக்கும் விளையும் பயன் யாது? தமிழாசிரியராய் நெடுங்காலம் அவ்விழாக்களிலே பெயர் வாசிக்கும் பணியைப் புரிந்து வந்த நாம் இவ்வினாவுக்கு விடை தேடியதுண்டு. அவ்விடையை ஒரு பெரியாரின் வாழ்க்கையிலே கண்டோம். நம் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் அவர் வரலாற்றைப் பழைய மாணவருக்கும், இன்று பயிலும் இளைஞருக்கும், உடன் பணிபுரியும் ஆசிரியர்க்கும் நினைவூட்டுதல் தகும் எனக் கருதி இதனை வரைகின்றோம். அப்பெரியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவர்.

கொழும்பு மாநகரிலே நீதிமன்றங்களாற் பெயர்பெற்ற பகுதி புதுக்கடை. கொழும்பை முற்றுகையிட்ட போரில் 1656ஆம் ஆண்டு உயிர்நீத்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ப்ட் என்பவரின் பெயரால் ஆங்கிலத்திலே அது ஹல்ஸ்டோர்ப் என வழங்கும். வழக்கறிஞரும் வழக்காளிகளும் நாள்தோறும் ஏறி இறங்கும் அம்மேட்டை அடுத்துள்ளது சென் செபஸ்தியான் குன்று. பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமி பல்லாண்டுகள் அக்குன்றிலேதான் நடைபெற்றது. 1835ஆம் ஆண்டிலே மார்ஷ் பாதிரியார் சிறு பள்ளியாகத் தொடங்கியதை அடுத்த ஆண்டு அரசாங்கம் ஏற்று நடத்தலாயிற்று. நீதிமன்றத்தின் நிழலிலே அமைந்த அப்பள்ளியிற் பயின்றவர் பலர், புத்தகப் பையை வைத்துவிட்டுக் கறுப்பு அங்கி தரித்துப் பக்கத்து மேட்டுக்கே சென்று புகழீட்டினர்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் கேற் முதலியார் பொன்னம்பலம். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து வந்து தலைநகரிலே செல்வமும் செல்வாக்கும் பெற்றவர். கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை எழுப்பியவர். தாயார் செல்லாச்சி அம்மையார். அவருடைய தந்தையார் குமாரசுவாமி முதலியார், 1835ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபையில் முதன்முதலாகத் தமிழருக்கென நியமனம் பெற்ற அங்கத்தவர். தாய்மாமனாகிய சேர் முத்துக் குமாரசுவாமி 1863ஆம் ஆண்டிலே இங்கிலாந்திற் பாரிஸ்டராகிப் புகழ்பெற்றவர். மூத்தவர் குமாரசுவாமி, அடுத்தவர் இராமநாதன், இளையவர் அருணாசலம் என மைந்தர் மூவர். மூவரும் பிற்காலத்திலே நாட்டுப் பணியிற் சிறந்தனர்.

இராமநாதன் இளமையிலேயே சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அருணாசலமோ சென் செபஸ்தியான் குன்றிலேயே கற்றுத் தேறினார். அந்நாளில் அக்கடமியின் தலைவராய் இருந்தவர் போக் என்னும் கலாநிதி. அங்கு வழங்கப்பட்ட பரிசில்களுள் முதன்மையானது டர்னர் பரிசு. மகாவமிசத்தைப் பாளி மொழியினின்று ஆங்கிலத்திற் பெயர்த்து 1837ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஜோர்ஜ் டர்னர் என்னும் சிவில் சேவை உத்தியோகத்தரின் ஞாபகார்த்தமாக நிறுவப்பட்டது அது. நம் கல்லூரியிலும் தாய் தந்தையர் பெயராலும் மறைந்த ஆசிரியர் பெயராலும் பழைய மாணவர் நிறுவிய ஞாபகார்த்தப் பரிசில்கள் உள. அவற்றைப் பெறும் மாணவர், அப்பெயர் யாருடையது என ஒருமுறையேனும் கேட்டறிதல் நன்று. ஒரு பரிசின் பின்னால் ஒரு வாழ்க்கை நிற்கின்றது. இந்நாட்டின் பழஞ்சரித்திரத்தை உலகுக்கு அறிவித்த ஒருவரின் பெயரால் அமைந்த பரிசைப் பெற்ற சிறுவனே, பின்னர் இந்நாட்டின் சரித்திரமும் மொழிகளும் பள்ளிகளிலே புறக்கணிக்கப்படுதலைக் கண்டு வருந்தும் பெரியவராயினன்.

1870ஆம் ஆண்டிலே அருணாசலம் ஆங்கில சர்வகலாசாலைப் புலமைப்பரிசிலை வென்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு. அப்புலமைப்பரிசில் இலங்கை முழுவதிலும் ஆண்டுக்கு ஒருவர் இருவருக்கு மேல் எட்டாத அரும்பேறு. இங்கிருந்தே உயர்கல்வி பெறுவதற்கு ஒரு பல்கலைக்கழகம் அந்நாளில் இலங்கையில் இல்லை. பொருளுள்ளோர் கடல் கடந்தனர். பொருளில்லார் பள்ளியோடு நின்றனர். இந்த ஒற்றையடிப் பாதையிலே நடந்து அருணாசலம் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியை அடைந்தார். அங்கும் பரிசிற்குரிய மாணவராய் விளங்கினார். எட்வேட் காப்பென்றர் என்னும் ஆங்கில அறிஞரின் நட்பு அங்கேதான் வாய்த்தது. அந்நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. காப்பென்றர் பின்னர் இலங்கை வந்து நம் ஞான மரபைத் தெரிந்து நூல் எழுதுதற்கும் அருணாசலமே வழிகாட்டினார்.

சட்டமும் பயின்று பாரிஸ்டராகிய அவர், 1875ஆம் ஆண்டிலே இலங்கைச் சிவில் சேவைக்குரிய போட்டிப் பரீட்சையிலே தேறினார். திறந்த போட்டியினால் அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. புதுக்கடையிலே நியாயவாதியாகிப் பெரும்பொருள் ஈட்டும் வழி அவர்க்கு அருகிலேயே இருந்தது. தமையனார் இராமநாதன் அவ்வழியிற் சென்று புகழும் பெற்றார். அருணாசலமோ அரசாங்க சேவையை ஏற்று, பல ஊர்களிலே நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றினார். எனினும் சட்டக் கல்வியை அவர் மறந்திலர். இலங்கையின் சிவில் சட்டத்தைத் தொகுத்து 1910ஆம் ஆண்டிலே நூலொன்று வெளியிட்டார்.

1887ஆம் ஆண்டு தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். தம்மினும் மூத்த ஐரோப்பிய உத்தியோகத்தர் பலர் இருக்க, இலங்கையர் ஒருவர் அப்பதவிக்கு உயர்த்தப்பட்டமை பலர்க்கு வியப்பையும் சிலர்க்குப் பொறாமையையும் விளைத்தது. அக்கந்தோர் அந்நாளிலே சீர்கெட்டுக் கிடந்தது. காணி உறுதிகளின் பதிவும், பிறப்பு இறப்புப் பதிவும் ஒழுங்கின்றிக் குவிந்திருந்தன. அருணாசலம் அவற்றை வகைப்படுத்தி, ஏழைக் குடியானவனும் தன் காணிக்குரிய பதிவைத் தேடிப் பெறுமாறு செய்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பையும் அவரே நடத்தினார். முப்பத்தைந்து இலட்சத்து அறுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட மக்களைக் கணக்கிட்ட அவ்வேலை வெறும் எண்ணிக்கையோடு நின்றிலது. மக்களின் சரித்திரம், சமயம், மொழி, வழக்கம் என்பனவற்றையும் ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கை இன்றும் ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்க்கும் நூலாக விளங்குகின்றது.

இம்மட்டோடு அவர் வரலாறு முடிந்திருப்பின், பரிசு பெற்றான், பதவி பெற்றான் என இரண்டு வரியிலே அதனை அடக்கிவிடலாம். அத்தகையோர் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் பலர். நம் வினாவுக்கு விடை இனிமேற்றான் தொடங்குகின்றது.

தாம் கடந்துவந்த பாதை எத்துணை ஒடுக்கமானது என்பதை அருணாசலம் மறக்கவில்லை. ஆண்டுக்கு ஓரிரு மாணவர் கப்பலேறுவதாலே ஒரு நாடு கல்வியில் உயர்ந்துவிடாது என்பது அவர் கருத்து. மேலும், இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் வகுக்கப்பட்ட பரீட்சைகளுக்கெனவே இங்குள்ள பள்ளிகள் பாடம் புகட்டி வந்தன. அதனாலே மாணவர் அயல்நாட்டு ஆறுகளின் பெயரை ஒப்புவிப்பர். தம் நாட்டின் பழைய நகரங்களை அறியார். ஆங்கிலக் கவிதையை மனனஞ் செய்வர். தாய்மொழியிலே ஒரு கடிதம் பிழையின்றி எழுத மாட்டார். இக்குறையை அவர் பலகாலும் எடுத்துக் கூறினார். சிங்களமும் தமிழும் பள்ளிகளிலே மதிக்கப்படல் வேண்டும் எனவும், இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைதல் வேண்டும் எனவும் வாதாடினார். பரிசுகளெல்லாம் ஆங்கிலக் கல்வியாற் பெற்றவர் அவர். அவரே தாய்மொழிக்காகப் பரிந்து பேசியதுதான் தமிழாசிரியராகிய நம்மைப் பெரிதும் கவர்ந்தது. மணிவாசகர் முதலிய அருளாளரின் பாடல்களை ஆங்கிலத்திலே பெயர்த்துப் பிறநாட்டார்க்கு அவர் அறிவித்தமையும் இங்கு நினைத்தற்பாலது.

1906ஆம் ஆண்டிலே அவர் தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றியது. இன மத பேதமின்றி அறிஞர் பலர் அதிற் சேர்ந்தனர். அரசாங்கத்தார்க்கு விண்ணப்பங்கள் சென்றன, கூட்டங்கள் நடந்தன, குழுக்கள் கூடின. பின்னர் முதலாம் உலகப் போர் குறுக்கிட்டது. ஒரு பரீட்சையை ஓராண்டிற் கடந்த மாணவர், ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1921ஆம் ஆண்டு ஜனவரியிலே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவும் இலண்டன் பட்டப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்யும் கல்லூரியாகவே இருந்தது. அவர் விரும்பிய முழுமை அதற்கு அப்போது வாய்க்கவில்லை.

1913ஆம் ஆண்டிலே சேவையினின்று இளைப்பாறியபின் அவர் ஓய்வை நாடினாரல்லர். 1915ஆம் ஆண்டிலே சமூக சேவைச் சங்கத்தை நிறுவிக் கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளிலே கல்விக்கும் உடல்நலத்துக்கும் உழைத்தார். 1917ஆம் ஆண்டிலே சீர்திருத்தச் சங்கத்தை அமைத்தார். 1919ஆம் ஆண்டு டிசெம்பரிலே இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவாகியபோது, சிங்களரும் தமிழரும் ஒருமனதாய் அவரையே முதற்றலைவராக்கினர். தோட்டத் தொழிலாளர் வேலையை விட்டு நீங்கினாற் சிறையிடும் கொடிய சட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் நலச் சங்கம் கண்டு போராடியவரும் அவரே. மேடையேறியவர், மேடையே காணாதவரிடம் இறங்கிச் சென்ற கதை இது.

தோல்வியும் அவரை அணுகாமலில்லை. மேல்மாகாணத்திலே தமிழர்க்கு ஒரு தொகுதி ஒதுக்குவது பற்றித் தந்த வாக்குறுதி நிறைவேறாமற் போகவே, 1921ஆம் ஆண்டில் மனம் நொந்து, தாம் வளர்த்த காங்கிரசை விட்டு விலகினார். 1923ஆம் ஆண்டிலே தமிழர் சங்கமொன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு ஜனவரி 9ஆம் நாள், தலயாத்திரை சென்றிருந்தவிடத்து, மதுரையம்பதியிலே இறையடி சேர்ந்தார். அவர் கண்ட கனவுகளுள் முழுமையாய் நிறைவேறியதை அவர் கண்ணாற் கண்டது மிகச் சிலவே.

ஆயினும் விதை வீண்போகவில்லை. 1942ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பின்னர் அது பேராதனையிலே பரந்து வளர்ந்தபோது, மாணவர் விடுதியொன்று அருணாசலம் பெயர் தாங்கியது. தமையனார் இராமநாதன் 1921ஆம் ஆண்டிலே திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளாகத்திலேயே 1974ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. தம்பி வாதாடிய பொருளுக்குத் தமையன் எழுப்பிய கட்டடம் இடந்தந்தது. 1870ஆம் ஆண்டிலே ஓரிருவர் நுழைந்த வாயிலிலே இன்று ஆண்டுதோறும் பல்லாயிரவர் நுழைகின்றனர். அவருள் நம் பழைய மாணவரும் பலர் என்பதை இம்மலரைப் படிப்போர் அறிவர்.

ஆதலின் நாம் தொடக்கத்திலே கேட்ட வினாவுக்கு விடை இதுவாகும். பரிசு என்பது முடிந்த வேலைக்குக் கொடுத்த கூலியன்று. இனிச் செய்யவேண்டிய வேலைக்குத் தந்த முன்பணம். அதனைப் பெற்றவன் கடன்பட்டவனாகின்றான். கடனைத் தீர்க்கும் வழி, தான் நுழைந்த வாயிலைத் தனக்குப் பின் வருவோர்க்கு அகலத் திறந்து வைப்பதே. அங்ஙனம் செய்யின், கீழே இருந்து கைதட்டிய ஒன்பதின்மரும் அப்பரிசிற் பங்காளராவர். செய்யாதொழியின், அது அலுமாரியில் தூசி படியும் கிண்ணமாய் முடியும்.

பரிசு பெறும் மாணவனே, உன் பக்கத்து இருக்கையில் இருப்பவனுக்குக் கணக்கொன்று விளங்காதிருப்பின், அதை விளக்குவதிலே உன் கடனடைப்பைத் தொடங்குக. பரிசு பெறாத மாணவனே, கைதட்டியபின் நாற்காலி அடுக்க முன்வந்தவன் நீயே என்பதை நாம் கண்டிருக்கின்றோம். அதற்குப் பரிசில்லை என எண்ணி வாடாதே. பழைய மாணவர்காள், ஞாபகார்த்தப் பரிசொன்று நிறுவுவதோடு அமையாது, கட்டணமும் புத்தகமுமின்றித் தவிக்கும் மாணவன் ஒருவனின் கல்வியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உடனாசிரியர்காள், பெயர்ப்பட்டியல் எழுதும்போது முதலிடம் பெற்றவனோடு, கடைசியிலிருந்து நடுவுக்கு உயர்ந்தவனையும் நினைவுகூர்வோம்.

அடுத்த பரிசளிப்பு விழாவிலும் நாமே பெயர் வாசிக்க நேரலாம். அப்போது ஒவ்வொரு பெயருக்கும் பின்னே சென் செபஸ்தியான் குன்றின் அப்பதினேழு வயது இளைஞனை நாம் நினைத்துக்கொள்வோம்.