மொலோக்காய் தொழுநோயாளிகளுக்காக வாழ்ந்த தந்தை தமியான்

பெல்ஜியத்தின் திரெமலோ கிராமத்தில் 1840-ஆம் ஆண்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் டி வூஸ்டர். துறவறம் ஏற்றபோது, கட்டணம் பெறாமல் மருத்துவம் செய்த புனித தமியானின் பெயரைத் தமதாக்கிக் கொண்டார். நோயுற்ற தமையனுக்குப் பதிலாக 1864-இல் ஹவாய் சென்றடைந்தார்.

அங்கு தொழுநோயாளிகள் மொலோக்காய் தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். 1873-இல் தாமாகவே முன்வந்து அவர்களிடையே குடியேறினார். புண்களுக்குக் கட்டுப் போட்டார், வீடுகள் கட்டினார், இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்து, குழியும் தாமே தோண்டினார். போதகர் என்பதைவிட, தச்சர், செவிலியர் என்பதே அவருக்குப் பொருந்தும்.

1884-இல் வெந்நீரில் வைத்த கால் சூட்டை உணராததால், நோய் தம்மையும் பற்றியதை அறிந்தார். எனினும் பணியைக் கைவிடவில்லை. 1889 ஏப்ரல் 15 அன்று, 49-ஆம் வயதில் காலமானார்.

2009-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவரது உடல் 1936-இல் பெல்ஜியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது; வலக்கை மட்டும் 1995-இல் மொலோக்காய் திரும்பி, பழைய கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டது.