பிழைவிட்ட மாணவர் ஸீபவைஹி

பல்கலைக்கழகத்தில் அரபு மொழியைச் சிறப்புப் பாடமாக எடுத்த முதல் வருடம். நஹ்வு வகுப்பில் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாவது வரியிலேயே ஒரு சொல்லின் ஈற்றை ‘உ’ என்று முடித்துவிட்டேன். ‘அ’ என்று வந்திருக்க வேண்டும். பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. அன்றிரவு விடுதியிலிருந்து உம்மாவுடன் கதைத்தபோது, பாடத்தை மாற்றப் போவதாகச் சொன்னேன். உம்மா மறுக்கவில்லை. ஒரு கிழமை பொறுத்துப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். அந்தக் கிழமையில்தான் இமாம் ஸீபவைஹி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையை வாசித்தேன்.

அவரது பெயர் அம்ர் இப்னு உஸ்மான். பாரசீகர். ஷீராஸ் நகருக்கு அண்மையில் பிறந்தவர். அரபு அவருக்குத் தாய்மொழியல்ல. ஈராக்கின் பஸராவுக்கு வந்தது ஹதீஸ் கலையைப் படிக்கத்தான். இலக்கணம் படிக்க அல்ல. அங்கே ஹம்மாத் இப்னு ஸலமா அவர்களின் சபையில் ஒரு ஹதீஸை வாசிக்கும்போது, நபித்தோழர் ஒருவரின் பெயரில் ‘அபா’ என்று வரவேண்டிய இடத்தில் ‘அபூ’ என்றார். அதற்கு முன்னால் ‘லைஸ’ என்ற சொல் இருந்தது. வழமையான விதிப்படி பார்த்தால் ‘அபூ’தான் சரி. ஆனால் அந்த இடத்தில் ‘லைஸ’ விதிவிலக்கைக் காட்டும் சொல்லாக வந்திருந்தது. ஆசிரியர் சபையிலேயே திருத்தினார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். அவர் விதி தெரியாமல் பிழைவிடவில்லை. பாதி விதி தெரிந்ததால் பிழைவிட்டார். இனி எவரும் தன்னைத் திருத்த முடியாத அளவுக்கு இக்கலையைக் கற்பேன் என்று அன்று உறுதிகொண்டார்.

கலீல் இப்னு அஹ்மத் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த பேரறிஞர் அவர். யூனுஸ் இப்னு ஹபீப் போன்றோரிடமும் படித்தார். ஆனாலும் ஸீபவைஹியின் நூலைத் திறந்தால் எங்கும் கலீல்தான். யாரிடம் என்று பெயர் சொல்லாமல், அவரிடம் கேட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தால், அது பெரும்பாலும் கலீலையே குறிக்கும்.

பின்னர் பக்தாத் சென்றார். அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல்-பர்மகீயின் சபையில், கூஃபா அறிஞர் கிஸாயீ அவருடன் வாதிட்டார். கேள்வி ஒரு தேளையும் குளவியையும் பற்றியது. தேள்கொட்டுத்தான் கடுமை என்று நினைத்திருந்தேன், பார்த்தால் குளவிக்கொட்டும் அப்படியே என்று சொல்லும் வாக்கியத்தின் கடைசிச் சொல் ‘ஹிய’வா, ‘இய்யாஹா’வா? முதலாவது மட்டுமே சரி என்றார் ஸீபவைஹி. இரண்டுமே சரி என்றார் கிஸாயீ. வாசலில் நின்ற நாட்டுப்புற அரபிகளை அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் கிஸாயீயின் பக்கம் பேசினார்கள். அவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகவும் ஒரு கதை உண்டு. கிஸாயீ அல்குர்ஆனின் ஏழு காரீகளில் ஒருவர். அக்கதையை நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் கலீஃபாவின் பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்பதும் அந்த அரபிகளுக்குத் தெரிந்திருக்கும்தானே! மூஸா (அலை) அவர்களின் கைத்தடி பாம்பான வசனத்தைப் பாருங்கள், அங்கே ஸீபவைஹி சொன்ன அமைப்புத்தான் இருக்கிறது.

அவர் பஸராவில் மீண்டும் தங்கவில்லை. பாரசீகத்துக்கே திரும்பி, ஹிஜ்ரி 180 (கி.பி. 796) அளவில் காலமானார். நாற்பது வயதைக்கூடத் தொடவில்லை என்கிறார்கள். எழுதிய நூலுக்குப் பெயர் வைக்கவில்லை, முன்னுரையும் இல்லை. அவரைவிட வயதில் மூத்த மாணவர் அஹ்ஃபஷ்தான் அதைப் பிறருக்குப் படிப்பித்துக் காப்பாற்றினார். பெயரில்லாத அந்நூலை மக்கள் ‘அல்-கிதாப்’ என்றே அழைத்தார்கள். பின்னாளில் கூஃபா வழி வந்தவர்களும் அதைப் படித்தார்கள்.

எங்கள் நூலகத்தில் அது ஐந்து பாகங்களாக இருக்கிறது. முதலாம் பாகத்தை இறக்கிப் பார்த்தேன். சொல் என்பது இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப் என மூன்று வகை என்றுதான் தொடங்குகிறது. அஹதியா பாடசாலையில் ஒன்பது வயதில் நான் மனனமிட்ட முதல் பாடம் அது. நிலத்தில் இருந்தபடியே நாலைந்து பக்கம் வாசித்தேன், பாதிதான் விளங்கியது. கிழமை முடிவில் உம்மா அழைத்தபோது, பாடம் மாற்றும் கதையை இருவருமே எடுக்கவில்லை.