தியோடோர் ஃபோர்ஸ்டர்

தியோடோர் ஃபோர்ஸ்டர் (மே 15, 1910 - மே 20, 1974) ஜெர்மனியைச் சேர்ந்த இயற்பிய வேதியியலாளர் ஆவார். ஒளியால் கிளர்வுற்ற ஒரு மூலக்கூறு, தான் ஒளி உமிழாமலேயே தனது ஆற்றலை அருகிலுள்ள மற்றொரு மூலக்கூறுக்கு வழங்குவதை அளவிடத்தக்க சமன்பாடாக வகுத்தவர் இவரே.

வாழ்க்கை

பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்த இவர், அங்கு எர்வின் மாடெலுங்கின் வழிகாட்டலில் 1933 இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் நாசிக் கட்சியில் சேர்ந்தார். பின்னர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் கார்ல் பிரீட்ரிக் போன்ஹோஃபரின் உதவியாளரானார். 1942 இல், ஜெர்மனி கைப்பற்றியிருந்த போலந்தின் போஸ்னான் நகரில் நாசி அரசு நிறுவிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். போருக்குப் பின் கோட்டிங்கனில் பணியாற்றி, 1951 முதல் இறக்கும் வரை ஸ்டுட்கார்ட்டில் பேராசிரியராக இருந்தார்.

ஆற்றல் பரிமாற்றக் கொள்கை

ஒளிச்சேர்க்கையில் எழுந்த ஒரு வினாவே இக்கொள்கைக்குத் தூண்டுகோல். செறிந்த ஒளித்துடிப்பு ஒன்றில் ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஒரு ஆக்சிசன் மூலக்கூறே வெளிப்படுகிறது என எமர்சனும் ஆர்னல்டும் 1932 இல் கண்டிருந்தனர். அப்படியாயின், எங்கோ ஒரு பச்சைய மூலக்கூறு உட்கவர்ந்த ஆற்றல், வினை நிகழும் இடத்தை எவ்வாறு அடைகிறது?

பிரான்சின் ழான் பெரினும் அவர் மகன் பிரான்சிஸ் பெரினும் இதற்கு முன்பே ஆற்றல் பரிமாற்றத்தைக் கணித்திருந்தனர். மூலக்கூறுகள் ஒரே அதிர்வெண்ணில் துல்லியமாக அதிர்வதாகக் கொண்டதால், அவர்கள் பெற்ற தொலைவு செய்முறையில் காணப்பட்டதைவிட மிகக் கூடுதலாக இருந்தது. உண்மையில் கரைசலிலுள்ள மூலக்கூறுகளின் நிறமாலைகள் அகன்றவை. வழங்கியின் உமிழ் நிறமாலையும் ஏற்பியின் உட்கவர் நிறமாலையும் எவ்வளவு மேற்பொருந்துகின்றனவோ அதற்கேற்பவே பரிமாற்றம் நிகழும் என ஃபோர்ஸ்டர் 1946, 1948 ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் காட்டினார்.

பரிமாற்ற வீதம் தொலைவின் ஆறாம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் அமையும். பாதி ஆற்றல் பரிமாறப்படும் தொலைவு 5 நானோமீட்டர் எனில், 10 நானோமீட்டரில் 1.5 விழுக்காடே பரிமாறப்படும், 2.5 நானோமீட்டரிலோ 98 விழுக்காட்டிற்கும் மேல்.

ஓர் இசைக்கவையின் அதிர்வு மற்றொன்றை அதிரச் செய்வதை இதற்கு ஒப்பிடலாம். எனினும் இங்கு ஊடகம் ஏதும் தேவையில்லை. இருமுனைகளின் மின்புல இடைவினையே போதும். ஒரு மூலக்கூறு உமிழ்ந்த ஒளியை மற்றொன்று உட்கவர்வதாகக் கருதுவது தவறு. ஃபிரெட் என்னும் சுருக்கப் பெயரின் முதலெழுத்தை உடனொளிர்வு என்று விரிப்பதும் இக்குழப்பத்தை வளர்க்கிறது. அதை ஃபோர்ஸ்டர் என்று கொள்வதே பொருத்தம்.

1967 இல் ஸ்ட்ரையரும் ஹாக்லாண்டும் வெவ்வேறு நீளமுள்ள புரோலின் சங்கிலிகளின் இரு முனைகளிலும் ஒளிர்பொருள்களை இணைத்து ஆறாம் அடுக்கு விதியைச் சரிபார்த்தனர். அதன்பின் புரதங்களின் உள்தொலைவுகளை அளக்கும் அளவுகோலாக இது பயன்படலாயிற்று. ஆயினும் பச்சைய மூலக்கூறுகள் மிக நெருங்கியுள்ள இடங்களில் ஃபோர்ஸ்டரின் சமன்பாடு மட்டும் போதுவதில்லை. அது வலுக்குறைந்த இடைவினைக்கு உரியது.

பிற ஆய்வுகள்

கிளர்வுற்ற நிலையில் மூலக்கூறின் அமிலத்தன்மை மாறுவதைக் கணிக்கும் ஃபோர்ஸ்டர் சுழற்சியும் இவருடையதே. கிளர்வுற்ற பைரீன் மூலக்கூறு, கிளர்வுறாத இன்னொரு பைரீனுடன் தற்காலிகமாக இணைவதைக் காஸ்பருடன் சேர்ந்து 1954 இல் அறிவித்தார்.